வரவேற்பறைக்கு வட்ட டீபாய்: கேள்வி பதில்

தமிழக–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு அருகில் மரவேலைப் பட்டறை நடத்தும் என்னிடம், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் பலர் வட்ட டீபாய் குறித்துக் கேட்டிருந்தார்கள். ஒரே செய்தியைக் கேட்டவர்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி (மார்த்தாண்டம்): எங்கள் வரவேற்பறை 12 அடி நீளம், 10 அடி அகலம். நீளச் சுவரை ஒட்டி 6 அடி சோபா கிடக்கிறது; எதிரில் டிவி ஸ்டாண்டு. வட்ட டீபாய் பொருந்துமா? என்ன அளவு?

பதில்: பொருந்தும். சோபா நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை டீபாய் இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி உங்களுக்கு 3 அடி விட்டம் சரி என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் உங்கள் அறையின் அகலம் ஏறக்குறைய 305 செ.மீ. அதில் சோபா 90, சோபாவுக்கும் டீபாய்க்கும் இடையே கால் நீட்ட 40, டிவி ஸ்டாண்டு 40 போனால், 3 அடி டீபாயைத் தாண்டி நடக்க 45 செ.மீ. கூட மிஞ்சாது. இரண்டரை அடி, அதாவது 75 செ.மீ. விட்டமாக எடுத்தால் 60 செ.மீ. கிடைக்கும், தட்டில் காபி டம்ளர்களோடு வருபவர் ஒருக்களித்து நடக்க வேண்டியதில்லை. உயரம் சோபா இருக்கைக்குச் சமமாகவோ இரண்டு விரல்கடை தாழ்வாகவோ இருக்கட்டும். பெரும்பாலான சோபாக்களுக்கு 40 முதல் 45 செ.மீ. போதும். அதே அகலமுள்ள சதுரத்தைவிட வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பரப்பு குறைவு என்பதையும் மனத்தில் வையுங்கள். மூலை இல்லாத வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரு நூலின் நுனியில் சாக்பீசைக் கட்டி, 37 செ.மீ. விட்டு மறுநுனியைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வட்டம் போடுங்கள். இரண்டு நாள் அந்தக் கோட்டை மிதிக்காமல் வீட்டார் நடமாட முடிகிறதா என்று பாருங்கள். என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்படி வரைந்து பார்த்த பிறகு அளவைக் குறைத்திருக்கிறார்கள். கூட்டியவர் எனக்குத் தெரிந்து யாருமில்லை.

கேள்வி (பாறசாலை): கடையில் காபி டேபிள் என்கிறார்கள், எங்கள் ஆசாரி டீபாய் என்கிறார். இரண்டும் வேறா?

பதில்: இன்றைய பேச்சில் ஒன்றுதான். டீபாய் என்ற சொல்லுக்கும் தேநீருக்கும் பிறப்பில் உறவு கிடையாது. மூன்று கால் கொண்டது என்ற பொருளில் இந்தியில் வழங்கிய சொல், ஆங்கிலேயர் வாயில் தேநீரின் ஒலியோடு கலந்து நம்மிடம் திரும்பி வந்தது. அந்த மூன்று காலில் ஒரு பயனும் உண்டு. பழைய ஓட்டு வீடுகளின் மேடுபள்ளமான சிமென்ட் தரையில் நான்கு கால் ஆடும். மூன்று கால் எங்கே வைத்தாலும் பதிந்து நிற்கும். ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே விளிம்பில் கையூன்றி எழுந்தால் கவிழக்கூடும். முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நான்கு காலே செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (குலசேகரம்): எங்கள் விளையில் (தோட்டத்தில்) நின்ற பலா மரத்தை வெட்டியிருக்கிறோம். அதிலேயே வட்ட டீபாய் செய்ய ஆசை. புதுமனை புகுவிழா இரண்டு மாதத்தில் வருகிறது. முடியுமா?

பதில்: மரம் அருமையானது, இரண்டு மாதம் போதாது. உங்கள் ஆசையைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை, நான் பட்டதைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு திருமண வீட்டின் அவசரத்துக்காக, சரியாகக் காயாத பலாத் தடியில் மூன்றடி வட்டப் பலகை ஒட்டிக் கொடுத்தேன். ஆடிச் சாரலில் கொடுத்தது, பங்குனி வெயிலில் திரும்பி வந்தது. பலகை நடுவே ஒட்டுவாய் விரிந்து, உள்ளே ஒரு ரூபாய் நாணயம் நிற்கும் அளவுக்குப் பிளந்திருந்தது. டேப் வைத்து அளந்தேன். நார் ஓடும் திசையில் 90 செ.மீ. அப்படியே இருந்தது, குறுக்கே 89 செ.மீ.க்கும் குறைவு. வட்டமாக அறுத்தது முட்டை வடிவமாகியிருந்தது.

காரணம் எளிது. மரம் ஈரத்தை ஏற்று இறக்கும்போது நாரின் நீளத்தில் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. குறுக்கேதான் விரியும், சுருங்கும். செவ்வகப் பலகையில் அகலம் கொஞ்சம் மாறினால் யாருக்கும் தெரியாது, வட்டத்தில் கண் உடனே கண்டுபிடித்துவிடும். தென்மேற்குப் பருவமழை, ஐப்பசி கார்த்திகை மழை என இரண்டு மழைக்காலம் காணும் நம் ஊரில் இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுதோறும் நடக்கும். நன்றாகக் காய்ந்த பலகையிலும் ஓரிரு மில்லிமீட்டர் நடக்கும்.

ஆகவே தடியைக் கிடப்பில் போடாமல் உடனே சாமில்லில் ஒன்றேகால் அங்குலப் பலகையாக அறுத்து, பலகைகளுக்கு நடுவே காற்றுப் போக இடைச்சட்டம் கொடுத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்குங்கள். ஓர் அங்குல கனத்துக்கு ஓராண்டு என்பது காற்றில் உலர்த்துவோரின் பழைய கணக்கு. சூட்டறையில் பதப்படுத்திக் கொடுக்கும் ஆலை அருகில் இருந்தால் வாரக்கணக்கில் முடியும். செய்யும்போது மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசை போட்டு இறுக்க வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லுங்கள்; திருகாணித் துளையை நாருக்குக் குறுக்கே நீளவாக்கில் எடுத்தால் பலகை தன் போக்கில் நகர்ந்துகொள்ளும். புதிதில் மஞ்சளாக இருக்கும் பலா, ஆண்டுகள் செல்லச் செல்லத் தேன் நிறத்தைக் கடந்து பழுப்பாகும். உங்கள் வீட்டு மரத்தின் அந்த மாற்றத்தை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் காத்திருக்கச் சொல்கிறேன்.

கேள்வி (நெய்யாற்றின்கரை): ரப்பர் மரத்தில் வாங்கலாமா? விலை குறைவாக இருக்கிறது.

பதில்: பதப்படுத்தியது என்றால் தாராளமாக வாங்கலாம். பால் வற்றிய பின் வெட்டும் இந்த மரத்தை உடனே மருந்தேற்றி உலர்த்தாவிட்டால் வண்டு துளைக்கும், பூஞ்சை பிடித்து நீலம் பாயும். பலகையின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்து, ஊசித்துளையோ மாவுபோன்ற தூளோ இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சிட்அவுட்டில் (முன்திண்ணையில்), சாரல் படும் இடத்தில் மட்டும் போடக்கூடாது.

கேள்வி (தக்கலை): ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. மூலை இல்லை என்பதால் கண்ணாடி வைத்த வட்ட டீபாய் பாதுகாப்பானதுதானே?

பதில்: நெற்றி இடிக்க மூலை இல்லை என்பது உண்மை, ஆனால் கண்ணாடியின் விளிம்பு குழந்தையின் கண்ணுக்குத் தெரியாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் டஃபன்ட் கண்ணாடி மட்டும் வாங்குங்கள். சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வலுவானது, உடைந்தாலும் சிறு துண்டுகளாகவே உதிரும். மூன்றடி விட்டத்தில் 12 மி.மீ. கண்ணாடி ஏறக்குறைய 20 கிலோ எடை இருக்கும். காலோடு பொருத்தாமல் சும்மா வைத்திருப்பதை ஏற்காதீர்கள். என் வீட்டுக்கு என்றால், குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்வரை ஓரம் நன்றாக உருட்டிய மரப்பலகையைத்தான் போடுவேன்.

கேள்வி (கருங்கல்): டீபாயின் மேல் எதை வைத்தால் அழகாக இருக்கும்? பாட்டி வீட்டு வெண்கல உருளி ஒன்று இருக்கிறது.

பதில்: உருளியையே வையுங்கள், வட்டத்தின் மேல் வட்டம் அழகாக அமரும். சரியாக நடுவில் வைத்துவிட்டால் டம்ளர் வைக்க இடமின்றிச் சுற்றிலும் குறுகிய வளையம்தான் மிஞ்சும், ஆகவே ஒரு பக்கமாகத் தள்ளி வைத்து, பலகையில் பாதியையாவது வெறுமையாக விடுங்கள். பக்கத்தில் இரண்டு புத்தகம், ஒரு சிறு செடி போதும். உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மறைக்கும் உயரத்தில் எதுவும் வேண்டாம். உருளியில் தண்ணீரும் பூவும் இடுவதானால் அடியில் கோரைத் தடுக்கு போடுங்கள். புளியிட்டுத் துலக்கிய பிறகு அடிப்பாகத்தைத் துடைத்து வையுங்கள். தரையில் விரிக்க, மழைக்காலத்தில் ஈரம் பிடித்து நாறும் தடித்த கம்பளத்தைவிட, எடுத்து வெயிலில் உலர்த்தக்கூடிய பாய் நமக்கு நல்லது.

கேள்வி (செங்கோட்டை): சூடான டம்ளர் வைத்ததில் வெள்ளை வளையம் விழுந்துவிட்டது. போகுமா?

பதில்: வெள்ளை என்றால் ஈரம் பாலிஷுக்குள்தான் நிற்கிறது, மரத்துக்கு இறங்கவில்லை. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் பழைய பாலிஷில் இது அடிக்கடி நேரும். தலைமுடி உலர்த்தும் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து அசைத்துக்கொண்டே இருங்கள், பெரும்பாலும் மங்கிவிடும். வளையம் கறுப்பாக இருந்தால் கதை வேறு: ஈரமான இரும்புப் பாத்திரம் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து உண்டாக்கிய கறை அது. அதற்கு அந்தப் பலகை முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். வளையம் இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே குழி விழும்.