மாரிமுத்து மறைந்த பிறகும் ஆதி குணசேகரன் ஏன் பேசப்படுகிறார்?

எதிர்நீச்சல் தொடரின் ஆதி குணசேகரனை மக்கள் இன்னும் ஏன் மறக்கவில்லை, அவருக்குப் பின் வந்த வேல ராமமூர்த்தி அந்த இடத்தை நிரப்பினாரா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலானோர் ‘இந்தாம்மா ஏய்’ என்ற வசனத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். அது கைப்பேசிகளில் பரவியதும், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஆண்கள் அதைச் சொல்லிச் சிரித்ததும் உண்மையே. ஆனால் ஒரு வசனம் ஓராண்டு ஓடும், பிறகு வேறொன்று வந்துவிடும். மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தொடரைப் பெண்கள் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில், காரணம் சொத்துதான் என்று நினைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்செல்வம் இயக்கத்தில், ஸ்ரீவித்யாவின் வசனத்தில், 2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர் அது. கதை நடப்பது மதுரையில். படித்த பெண்களாகப் பார்த்துத் தம்பிகளுக்குக் கட்டிவைத்துவிட்டு, அவர்களை அடுப்படியை விட்டு வெளியே வரவிடாத மூத்த அண்ணன் குணசேகரன். அவருடைய மனைவி ஈஸ்வரி, தம்பிமார் மனைவிகளான ரேணுகா, நந்தினி, ஜனனி ஆகிய நால்வரும் மெல்ல மெல்ல எதிர்த்து நிற்பதே கதை. குணசேகரனாக நடித்த மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். நெடுங்காலம் உதவி இயக்குநராக இருந்து, இரண்டு படங்களை இயக்கி, பிறகு நடிப்புக்கு வந்தவர். 2023 செப்டம்பர் 8 அன்று இதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்து காலமானார்.

அந்தச் செப்டம்பரில் எங்கள் பக்கம் பேச வேறு விஷயம் இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12 இல் திறந்தும், கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் வராததால் குறுவை நெல் கருகிய ஆண்டு அது. ஆனாலும் வாய்க்காலைப் பற்றிய பேச்சுக்கு இடையில் ‘குணசேகரன் செத்துப்போயிட்டாராமே’ என்ற பேச்சும் வந்தது. மாரிமுத்து என்ற பெயர் எங்கள் தெருவில் பலருக்கு அன்றுதான் தெரியும்.

இனி சொத்து விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கதையின் அச்சாணி, குடும்பச் சொத்தில் அப்பத்தா பட்டம்மாளின் பேரில் இருக்கும் 40 சதவீதப் பங்கு. வீட்டில் அத்தனை அதிகாரமும் குணசேகரனிடம் இருந்தாலும், ஒரு கிழவியின் கையெழுத்து இல்லாமல் அவரால் அந்தப் பங்கைத் தொட முடியாது. எங்கள் காவிரி டெல்டாவில் இதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் ஆண்களுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989 இலேயே சட்டம் திருத்தியது. அதற்கு முன் மணமாகிப் போனவர்களை அது விட்டுவிட்டது, 2005 இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அவர்களையும் சேர்த்துக்கொண்டது. சட்டம் இப்படி இருக்க, நடைமுறையில் அண்ணன் தம்பிகள் நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் நாளில் கூடப் பிறந்தவள் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதுதான் இங்கே பல வீடுகளில் வழக்கம். போடாவிட்டால் பொங்கல் சீர் நிற்கும், பிள்ளைகளின் காதுகுத்துக்குத் தாய்மாமன் வரமாட்டார், பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற பயம். வாய்விட்டு யாரும் மிரட்டவேண்டியதுகூட இல்லை.

என் பெரியம்மாவும் அப்படிப் போட்டவர்தான். நாலு மா, அதாவது ஒன்றேகால் ஏக்கர் போல வரும் நிலத்தில் அவருக்கு வந்திருக்கவேண்டிய பங்கு பெரிய தொகை ஒன்றும் இல்லை. எழுதிக்கொடுத்ததைப் பற்றி அவர் ஒரு நாளும் பேசியதில்லை. அப்பத்தாவிடம் குணசேகரன் குழைந்து குழைந்து பேசும் காட்சிகள் வந்த காலத்தில்தான், ‘இப்படித்தான்டி அன்னிக்கு என்கிட்டயும் நல்லாப் பேசினாங்க’ என்று முதல்முறையாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை தன் கதையைச் சொன்னார். தம்பி மீது குற்றம் சொன்னால் குடும்பத்தைப் பிரிப்பவள் என்ற பெயர் வரும். குணசேகரனைத் திட்டினால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அவரைத் திட்டுகிற சாக்கில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ ஆண்கள் திட்டு வாங்கினார்கள், வாங்கியவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. அந்தப் பாத்திரம் விட்டுச்சென்ற சொத்து என்றால் என் கணக்கில் இதுதான்.

இதை எழுத்து மட்டும் செய்துவிடவில்லை. நடிப்பும் சேர்ந்தே செய்தது. மாரிமுத்து வில்லனாகத் தெரியவே இல்லை. ஊரில் நாலு பேர் மதிக்கும், கோயில் காரியத்துக்கு முன்னால் நிற்கும், வீட்டுக்குள் வந்ததும் மனைவியை ஆளாகவே கருதாத ஒரு பெரிய மனிதராகத் தெரிந்தார். வெள்ளை வேட்டி சட்டையும், தற்பெருமையும், காசு விஷயத்தில் காட்டும் அற்பத்தனமும், தனக்கு எதிராக ஒரு பெண் நியாயம் பேசும்போது பதில் கிடைக்காமல் குரலை உயர்த்தும் அந்தத் தடுமாற்றமும் அசல். முக்கியமாக, அவர் தன்னைக் கோமாளியாக்கிக்கொள்ளத் தயங்கவில்லை. நந்தினியின் குத்தல் பேச்சு எடுபட்டதற்குக் காரணம், குத்தினால் வலிக்கிற ஒரு ஆளாக எதிரில் மாரிமுத்து நின்றதுதான். ஆண்கள் அவரை ரசித்ததில் எனக்கு எரிச்சல் உண்டு. ரசித்தவர்களில் பாதிப் பேருக்குத் தங்களைத்தான் பார்க்கிறோம் என்பது புரியவில்லை.

அவர் மறைந்ததும் குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் கதையைத் திருப்பி, சில வாரங்கள் ஆளே இல்லாமல் ஓட்டினார்கள். திட்டுவதற்கு ஆள் இல்லாமல் எங்கள் கூடத்தில் அந்த அரை மணி நேரம் சப்பென்று போனது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியாகவே சொல்கிறேன்: வேல ராமமூர்த்தி அந்த இடத்தை நிரப்பவில்லை, வேறொரு ஆளாக வந்து உட்கார்ந்தார். அது அவருடைய குறை அன்று. ராமநாதபுரத்து எழுத்தாளரான அவருடைய முகத்திலும் குரலிலும் இயல்பாகவே ஒரு மிரட்டல் இருக்கிறது. அவர் முறைத்தால் வெட்டுக்குத்து வரும் என்று தோன்றும். அந்தக் குணசேகரனுக்குப் பயப்படலாம், அவரைக் கேலி செய்ய முடியாது. அதனால் கதையும் வீட்டுச் சண்டையிலிருந்து விலகி ஆள், அடி, காவல் நிலையம் என்று போனதாக எனக்குப் பட்டது. 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்து, அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவரை வைத்து இரண்டாம் பாகம் தொடங்கியபோது பெரியம்மா அதையும் பார்க்க ஆரம்பித்தார். பார்க்கிறார், ஆனால் ‘இந்த ஆளு ரவுடி, நம்ம வீட்டு ஆளு மாதிரி இல்லை’ என்கிறார். புதியவரைப் பற்றி நான் கேட்டதில் சரியான விமரிசனம் அதுதான்.