பிளாட்டினம் இல்லாமல் ஹைட்ரஜன் எடுக்க எந்த உலோகக் கலவை?

கேள்வி: காட்பாடியில் பொறியியல் படிக்கிறேன். தண்ணீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுப்பது எங்கள் ப்ராஜெக்ட். பிளாட்டினம் வாங்க வசதியில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போதுமா?

ஸ்டீல் தகட்டிலும் குமிழ் நன்றாகவே வரும். ஆனால் அதை நேர்மின்வாயாக வைத்தால் அதிலுள்ள குரோமியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைசலில் இறங்கும். கரைசல் மஞ்சளானால் அது குரோமேட் என்று வைத்துக்கொள்ளுங்கள், புற்றுநோய் வரவழைக்கிற சரக்கு. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கல்லூரி சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள்.

சரி, வேறு வழி. நான் நிக்கல் பிளேட்டிங் பட்டறையில் வேலை செய்பவன், அதனால் நிக்கல் பக்கம் சாய்வது இயல்பு. ஆனாலும் காரணம் இருக்கிறது. தண்ணீரைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். ஆலைகளில் ஓடும் கார வகைச் செல்களில் 1.8 முதல் 2 வோல்ட் வரை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குச் சுமார் 50 யூனிட் கரண்ட் போகிறது. அதில் வீணாகிற பங்கைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை.

ஹைட்ரஜன் அணு உலோகப் பரப்பில் ஒட்டவும் வேண்டும், விட்டுவிட்டுப் போகவும் வேண்டும். பிளாட்டினத்துக்கு அந்த அளவு இயற்கையாகவே அமைந்திருக்கிறது. மாலிப்டினம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தனியாக உதவாது. அதையே நிக்கலோடு கலந்தால், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் பிளாட்டினம் மாதிரி விலையுயர்ந்த சரக்கு சேராத உலோகங்களுக்குள் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. காரக் கரைசலில் முதலில் தண்ணீர் மூலக்கூறு உடைய வேண்டும், அந்த இடத்தில் மாலிப்டினம் கைகொடுக்கிறது என்பது பரவலான விளக்கம்.

செய்வதும் பெரிய வித்தையில்லை. மாலிப்டினத்தைத் தண்ணீர்க் கரைசலிலிருந்து தனியாகப் பிளேட்டிங் செய்ய முடியாது. ஆனால் நிக்கல் கூட இருந்தால் இழுத்துக்கொண்டு வந்து படியும். நிக்கல் சல்பேட், சோடியம் மாலிப்டேட், சிட்ரேட் சேர்த்த பாத் (பிளேட்டிங் கரைசல்), ஏசி கரண்டை டிசி ஆக்கித் தரும் ஒரு ரெக்டிஃபையர், அவ்வளவுதான். அடியில் நிக்கல் ஃபோம் (ஸ்பாஞ்ச் மாதிரி துளையுள்ள நிக்கல்) வைத்தால் பரப்பு கூடும். அப்புறம் ஒரு விஷயம்: செல் ஓடாமல் கரைசலுக்குள்ளேயே கிடந்தால் மாலிப்டினம் ஆக்சிஜனேற்றமாகிக் கரையத் தொடங்கும். நம்மூர் கரண்ட் கட்டை மனதில் வைத்து, ஓட்டாத நேரத்தில் தகட்டை எடுத்துக் கழுவி வையுங்கள்.

இதுவரை சொன்னது ஹைட்ரஜன் வரும் எதிர்மின்வாய்க்கு. ஆக்சிஜன் வரும் நேர்மின்வாய்ப் பக்கம் நிக்கலும் இரும்பும் கலந்த பூச்சு போடுங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இருக்கும் இரும்பு அழுக்கே நிக்கல் தகட்டை நன்றாக வேலை செய்ய வைக்கும் அளவுக்கு இரும்பின் பங்கு பெரியது.

தண்ணீர் மட்டும் போர் தண்ணீர் வேண்டாம். பாலாற்றங்கரையின் உப்பும் கடினத்தன்மையும் தெரிந்ததுதானே, கால்சியமும் மக்னீசியமும் வெள்ளையாகப் படிந்து பூச்சை மூடிவிடும். பேட்டரி தண்ணீர் வாங்குங்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டுங்கள்.