பதில்: நான் போடாத ஆர்டர், என் படத்தோடு போலிக் கணக்கு

வணக்கம். ஷாப்பிங் தளத்தில் நீங்கள் போடாத ஆர்டர், அதே வாரம் உங்கள் படத்தோடு ஒரு போலி ஃபேஸ்புக் கணக்கு நண்பர்களிடம் பணம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கவலையாக இருந்தது.

கார்டை முடக்கச் சொல்லி வங்கியிடம் இப்போதே பேசுங்கள். அப்புறம் நேராக மின்னஞ்சலுக்குப் போங்கள். பலரும் ஷாப்பிங் தளத்தின் கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு விட்டுவிடுகிறார்கள். மின்னஞ்சலே திருடன் கையில் இருந்தால், 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று தட்டி எல்லாவற்றையும் மறுபடி பிடித்துக்கொள்வான். புதிய கடவுச்சொல் போட்டு, மற்ற எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி) போடுங்கள். மின்னஞ்சல் அமைப்புகளில் ஃபார்வர்டிங் (மடல்களை வேறு முகவரிக்கு அனுப்புவது), ஃபில்டர் (மடல்களைத் தானாகப் பிரிக்கும் விதிகள்) பகுதிகளை அவசியம் திறந்து பாருங்கள். ஆர்டர், வங்கி மடல்கள் உங்கள் கண்ணில் படாமல் குப்பைக்குப் போகும்படி ஒரு விதியை ஒளித்து வைத்திருக்கலாம். கணக்கை மீட்கக் கொடுத்திருக்கும் தொலைபேசி எண் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள்.

எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல் என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். ஒரு தளத்தில் கசிந்ததை மற்ற தளங்களில் தானாகவே போட்டுப் பார்க்கும் நிரல்கள் இருக்கின்றன. 2013 முதல் இயங்கும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' (Have I Been Pwned) தளத்தில் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்தால், தெரிந்த கசிவுகளில் அது இருக்கிறதா என்று இலவசமாகக் காட்டும்.

போலிக் கணக்கை நண்பர்களும் சேர்ந்து ரிப்போர்ட் செய்யட்டும். அதற்கு முன் அதன் இணைய முகவரி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், காவல்துறைப் புகாருக்கு வேண்டும். உங்கள் நண்பர் பட்டியலையும் பிறந்த தேதியையும் மறைத்துவிடுங்கள். பட்டியலைப் பார்த்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள்.

வங்கி என்ன சொன்னது என்று எழுதுங்கள்.