அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கறுப்பினக் கல்லூரிகள்: கேட்டதும் சொன்னதும்

அக்கா, இந்தக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளைச் சேர்ப்பார்களா?

தாராளமாக. வெள்ளையர் கல்லூரிகள் கதவைச் சாத்திய காலத்தில் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கியவை இவை. ராலே நகரில் உள்ள ஷா பல்கலைக்கழகம் 1865லேயே வந்துவிட்டது. இன்றைக்கு எந்த இனத்தவரும் விண்ணப்பிக்கலாம். இந்த மாநிலத்தில் இப்படிப்பட்ட அரசுக் கல்லூரிகளே ஐந்து இருக்கின்றன: கிரீன்ஸ்போரோ, டர்ஹம், வின்ஸ்டன்-சேலம், எலிசபெத் சிட்டி, ஃபயெட்வில் ஆகிய ஊர்களில்.

பையனுக்கு இன்ஜினியரிங். கிரீன்ஸ்போரோவில் இருக்கும் ஏ அண்ட் டி பல்கலைக்கழகமா, டர்ஹமில் இருக்கும் சென்ட்ரல் பல்கலைக்கழகமா?

ஏ அண்ட் டி, யோசிக்கவே வேண்டாம். 1891ல் வேளாண்மையும் தொழிற்கல்வியும் சொல்லித்தரத் தொடங்கிய இடம், இப்போது 14,000 மாணவர்களுக்கு மேல், கறுப்பினக் கல்லூரிகளில் நாட்டிலேயே பெரியது. சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த விண்வெளி வீரர் ரொனால்ட் மெக்நேர் 1971ல் இங்கேதான் இயற்பியலில் பட்டம் வாங்கினார். சட்டம் படிக்க ஆசை என்றால் டர்ஹம் பக்கம் போங்கள், அங்கே சட்டப் பள்ளி 1939லிருந்து இருக்கிறது. நர்சிங் என்றால் வின்ஸ்டன்-சேலம்.

கட்டணம் ரொம்பக் குறைவு என்கிறார்களே?

எலிசபெத் சிட்டியிலும் ஃபயெட்வில்லிலும் உண்மைதான். மாநிலத்துப் பிள்ளைகளுக்கு செமஸ்டருக்கு 500 டாலர், வெளிமாநிலத்தாருக்கு 2,500. ஆனால் இது படிப்புக் கட்டணம் மட்டும். ஹாஸ்டல், சாப்பாடு, மற்ற கட்டணங்கள் எல்லாம் தனி, அதனால் 500ஐ மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். எலிசபெத் சிட்டியில் விமானம் ஓட்டுவதையும் படிக்கலாம், பறக்கும் பயிற்சிக்குத் தனிச் செலவு ஆகும்.

தனியார் கல்லூரிகள்?

முதலில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கான்கார்டில் இருக்கும் பார்பர்-ஸ்கோஷியா 2004ல் அங்கீகாரத்தை இழந்தது, அப்படி ஆனால் மத்திய அரசின் கல்வி உதவியும் நின்றுபோகும். இதைக் கேட்காமல் பணம் கட்டவே கூடாது.

மகளுக்குப் பெண்கள் கல்லூரிதான் வேண்டுமாம்.

அப்படியானால் கிரீன்ஸ்போரோ பென்னெட். சின்னக் கல்லூரி, ஆனால் அதன் வரலாறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1960 பிப்ரவரி 1 அன்று ஏ அண்ட் டி மாணவர்கள் நான்கு பேர் ஊல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டுக் கவுன்டரில் போய் உட்கார்ந்தார்கள், காபி கேட்டார்கள், கொடுக்கவில்லை, கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்தடுத்த நாட்களில் பென்னெட் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள், அப்புறம் சிறைக்கும் போனார்கள். ஜூலையில் கடை இறங்கி வந்தது, கறுப்பின மக்களுக்கும் அந்தக் கவுன்டரில் பரிமாறத் தொடங்கியது.

நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

அந்தக் கடை இப்போது அருங்காட்சியகம், நீளமான கவுன்டர் அங்கேயே இருக்கிறது. அங்கிருந்து ஏ அண்ட் டி வளாகத்துக்கு வண்டியில் சில நிமிடம்தான், நால்வரும் தோளோடு தோள் சேர்ந்து நடந்து வருகிற சிலை அங்கே நிற்கிறது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே.