வாரண்டி முடிந்த பிறகு எந்தக் கார் செலவு வைக்கும்?

கேள்வி: இரண்டு கார்களுக்கு நடுவே தடுமாறிக்கொண்டிருக்கிறேன். ஒன்று, மூன்று வருடம் ஓடிய கொஞ்சம் பெரிய கார். டர்போ பெட்ரோல் இன்ஜின், உலர் வகை இரட்டை கிளட்ச் (ஒற்றைப்படை, இரட்டைப்படை கியர்களுக்குத் தனித்தனி கிளட்ச்) ஆட்டோமேட்டிக். இன்னொன்று, ஏறக்குறைய அதே விலைக்குப் புதிதாகவே கிடைக்கும் சின்ன கார். டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர். வருடத்துக்கு 10,000 கி.மீ. ஓட்டுவேன், அதுவும் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே. பத்து வருடமாவது வைத்திருக்க ஆசை. முதல் காரை வைத்திருக்கும் நண்பர்கள் இருவர் ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்கோ, அந்தப் பக்கமே போகாதீர்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? கூடுதல் வாரண்டி எடுத்துக்கொண்டால் பயமில்லையா?

பதில்: நண்பர்களும் பொய் சொல்லவில்லை, மெக்கானிக்கும் பொய் சொல்லவில்லை. நண்பர்களின் கார்கள் இன்னும் வாரண்டியில் இருக்கும். ஏதாவது மாற்றியிருந்தாலும் பில் அவர்கள் கைக்கு வந்திருக்காது, அதனால் மனதிலும் நின்றிருக்காது. மெக்கானிக்கிடம் வருவதோ பழுதான வண்டிகள் மட்டும்தான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதை அவர் பார்க்க வாய்ப்பே இல்லை.

ஆகவே, யாரிடம் கேட்பது என்பதைவிட என்ன கேட்பது என்பது முக்கியம். "வண்டி எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். சொந்தக் காசில் வாங்கியதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. அதே மாடலை, அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸோடு, வாரண்டி முடிந்து இரண்டு வருடமாவது தாண்டி ஓட்டிக்கொண்டிருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். "இதுவரை என்னென்ன பார்ட்ஸ் மாற்றினீர்கள்? எத்தனை கிலோமீட்டரில்? எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது?" இந்த மூன்று கேள்வி போதும். பார்ட்ஸ் வர மூன்று வாரம் ஆனது என்று ஒருவர் சொன்னால், அதையும் செலவுக் கணக்கிலேயே சேருங்கள்.

அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்பகத்தன்மையைக் கம்பெனி பெயரில் தேடுவதுதான் பலர் செய்யும் தப்பு. ஃபோர்டு ஃபோகஸ், ஃபியஸ்டா கார்களில் 2010களில் வந்த பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் குலுங்கியது, தயங்கியது, அமெரிக்காவில் வழக்கு வரை போனது. ஆனால் அதே கார்களை மேனுவல் கியரில் வாங்கியவர்களுக்கு அந்தத் தலைவலியே இல்லை. பெயரும் பாடியும் ஒன்றுதான், அனுபவம் மட்டும் வேறு. அதேபோல, புதிதாக அறிமுகமாகும் மாடலின் முதல் வருடத் தயாரிப்பையும் நான் தவிர்க்கச் சொல்வேன். சின்னச் சின்னக் கோளாறுகளைக் கண்டுபிடித்துத் திருத்த எந்தக் கம்பெனிக்கும் கொஞ்ச காலம் பிடிக்கும்.

தரவரிசைகளைப் பார்ப்பதாக இருந்தால், அவை எதை எண்ணுகின்றன என்று முதலில் பாருங்கள். ஜே.டி. பவர் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 100 கார்களுக்கு எத்தனை புகார் என்று கணக்கிடுகிறது. அதில் புளூடூத் இணையாததும் ஒரு புகார், கியர்பாக்ஸ் போனதும் ஒரு புகார். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.டி.ஏ.சி. எண்ணுவது வழியில் நின்றுபோன வண்டிகளை. அங்கே முதலிடம் பிடிப்பது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அதே நாட்டின் டி.யூ.வி. அறிக்கை, கட்டாயப் பரிசோதனையில் வெளிப்படும் பிரேக், சஸ்பென்ஷன், விளக்குக் குறைகளைத் தொகுக்கிறது. பழைய கார் வாங்குபவருக்கு மூன்றில் இதுதான் அதிகம் உதவும். பத்து வயதைத் தாண்டிய வண்டிகளும் அதில் உண்டு.

சரி, உங்கள் இரண்டு கார்களுக்கு வருவோம்.

முதல் காரில் யோசிக்க வேண்டியது கியர்பாக்ஸ்தான். உலர் வகையில் கிளட்ச் தட்டுகளுக்கு எண்ணெய்க் குளிர்ச்சி கிடையாது. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உரசிச் சூடாகும், தேயும். நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இந்தக் கஷ்டம் அவ்வளவாக இல்லை. உங்கள் ஓட்டமோ ஊருக்குள். மேனுவலிலும் கிளட்ச் தேயும்தான், ஆனால் அதை மாற்றுவது எந்த ஊர் மெக்கானிக்கும் செய்கிற வேலை. இரட்டை கிளட்ச் என்றால் தனிக் கருவி, தனி மென்பொருள், பழகிய கை எல்லாம் வேண்டும். அதைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போனால், பல இடங்களில் முழு யூனிட்டையே மாற்றச் சொல்வார்கள். (ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் கிளட்ச்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இன்ஜின் விசையைக் கடத்தும் பழைய டார்க் கன்வெர்ட்டர் வகையைப் பாருங்கள். அதன் எண்ணெயையும் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சொன்னால் நம்பாதீர்கள். அந்த கியர்பாக்ஸ்களைத் தயாரிக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது.)

அடுத்தது இன்ஜின். இன்றைய டர்போ பெட்ரோல்களில் பெரும்பாலானவை எரிபொருளை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வு மேல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே போகும். நேரடி முறையில் அந்தக் கழுவல் இல்லாததால் வால்வில் கரி படியும், பின்னாளில் அதைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்க அதிவேகமாகச் சுழலும் டர்போவின் பேரிங்குகளுக்கோ எண்ணெய்தான் உயிர். முந்தைய ஓனர் ஒரு தடவை ஆயில் மாற்றாமல் தள்ளிப்போட்டிருந்தாலும் அதன் பலனை அனுபவிக்கப் போவது நீங்கள்.

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்பதையும் கேட்டு வையுங்கள். பெரும்பாலான இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி இன்ஜின் கெட்டுவிடும். எண்ணெயில் ஊறியபடி ஓடும் பெல்ட் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஃபோர்டின் 1.0 ஈகோபூஸ்ட், பியூஜோ-சிட்ரோயெனின் 1.2 பியூர்டெக் இன்ஜின்களில் அந்த பெல்ட் சிதைந்து, துகள்கள் ஆயில் வழியை அடைத்தது ஊரறிந்த விஷயம்.

பராமரிப்புச் செலவு என்றதும் சர்வீஸ் பில்லை மட்டும் ஒப்பிடுகிறார்கள். ஆயில், ஃபில்டர் எல்லாம் எந்தக் காருக்கும் பெரிதாக மாறாது. கையைக் கடிப்பது மற்றவைதான். பார்ட்ஸ் கவுன்டரில் இரண்டு கார்களுக்கும் இவற்றின் விலையைக் கேட்டு எழுதுங்கள்: நான்கு டயர், முன் பிரேக் டிஸ்க்கும் பேடும், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், கிளட்ச் செட், ஹெட்லைட், முன் கண்ணாடி. 18 அங்குல வீலுக்கும் 15 அங்குல வீலுக்கும் டயர் விலையில் இருக்கும் வித்தியாசமே பலரை அசர வைக்கும். எல்.இ.டி. ஹெட்லைட்டில் உள்ளே ஒன்று போனாலும் பல மாடல்களில் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். முன் கண்ணாடியில் கேமரா இருந்தால், கண்ணாடி மாற்றிய பிறகு அதைத் திரும்ப அளவுதிருத்தம் செய்யத் தனியாகக் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் கவுன்டரிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும்.

புதிய காருக்கும் ஒரு தண்டம் உண்டு. முதல் சில வருடங்களில் மறுவிற்பனை மதிப்பு மளமளவென்று இறங்கும். ஆனால் நீங்கள் பத்து வருடம் வைத்திருப்பதாகச் சொல்வதால், அந்த இழப்பு பத்து வருடத்துக்கும் பரவிவிடுகிறது. மூன்று வருடத்தில் விற்பவர் என்றால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

எந்தக் கார் வாங்கினாலும் ஒன்று: குறுகிய ஓட்டத்தில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து தங்கிவிடும், பேட்டரியும் சரியாகச் சார்ஜ் ஆகாது. எனவே கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றுவதைத் தள்ளாதீர்கள், வருடத்துக்கு ஒரு முறை கட்டாயம். பிரேக் ஆயிலைப் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. கையேட்டில் கடின உபயோகத்துக்கு என்று தனி அட்டவணை இருந்தால், உங்களுக்கானது அதுதான்.

என் தேர்வு சின்ன கார். அதற்கு மேலும் மனம் பெரிய காரிலேயே நிற்கிறது என்றால், இவற்றைச் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே செய்யுங்கள். நீங்கள் போகும்போதே இன்ஜின் சூடாக இருந்தால் கிளம்பி வந்துவிடுங்கள், இன்னொரு நாள் போகலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. விடாமல் வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் மேல் சந்தேகம். சரிவில் ரிவர்ஸ் கியர் போட்டு மேல்நோக்கி ஊர்ந்து பாருங்கள், குலுங்குகிறதா என்று தெரியும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022இன் 23ஆம் வாரத் தயாரிப்பு. ஓடோமீட்டர் மிகக் குறைவாகக் காட்டும்போது டயர் மட்டும் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனரை மாட்டும்போது, பிழைக்குறி இல்லை என்பதோடு திருப்தி அடையாதீர்கள். சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டினால், பிழைகளைச் சமீபத்தில் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம்.

கூடுதல் வாரண்டி பற்றி: சின்ன காருக்கு அவசியம் என்று நினைக்கவில்லை. பெரிய காருக்கு எடுக்கலாம், ஆனால் விலக்குப் பட்டியலைப் படித்த பிறகு. கிளட்ச் தட்டு தேய்மானப் பொருள் என்று பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டின் பெயர் பாலிசியில் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வாரண்டிக்குக் கொடுக்கும் பணத்தை வங்கியிலேயே போட்டு வையுங்கள்.