சாஃப்ட்வேர் அப்புறம் வாங்கலாம்: சப்ளை செயின் கேள்வி-பதில்

மணலி, திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். கொரோனாவில் அடிபட்டோம், வெள்ளத்தில் அடிபட்டோம், அடுத்த அடி விழுவதற்குள், சப்ளை செயின் (மூலப்பொருள் கிளம்பும் இடத்திலிருந்து நம் கைக்கு வரும்வரை உள்ள தொடர்) அறாமல் இருக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கிப் போடலாம்? ஆளுக்கு ஆள் நிலைமை வேறு என்பதால் தனித்தனியாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மாதவரம், பம்ப் உதிரிபாகப் பட்டறை): சார், 2020 லாக்டவுனில் காஸ்டிங் (வார்ப்பு பாகம்) வராமல் மெஷின் எல்லாம் சும்மா நின்றது. இப்போது ஒருவர் வந்து சில லட்சத்துக்கு சப்ளை செயின் சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அவரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். அதற்குள் கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல் போடுங்கள். என்ன பொருள், யாரிடம் வாங்குகிறீர்கள், அவர் எந்த ஊர், ஆர்டர் கொடுத்தால் எத்தனை நாளில் வரும், கையில் எத்தனை நாளுக்கு ஸ்டாக் இருக்கிறது, அவர் கைவிரித்தால் அடுத்து யார். இதெல்லாம் முடிந்ததும் இன்னொரு கட்டம் சேருங்கள்: உங்கள் சப்ளையருக்குச் சரக்கு எங்கிருந்து வருகிறது? இந்தக் கட்டத்தை நிரப்ப நாலு பேருக்கு போன் போட வேண்டியிருக்கும், சிலர் சொல்லவே மாட்டார்கள், ஆனால் செயின் அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

டொயோட்டா இந்தப் பாடத்தை 2011 நிலநடுக்கத்தில் கற்றது. நேரடி சப்ளையர்களைத் தெரியும், அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்களைத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. அதன்பிறகு கீழ்மட்ட சப்ளையர் வரைக்கும் ஒரு டேட்டாபேஸ் கட்டினார்கள், சிப் மாதிரியான பொருள்களை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு இருப்பு வைக்கச் சொன்னார்கள். 2021 சிப் தட்டுப்பாட்டில் மற்ற கார் கம்பெனிகள் தடுமாறியபோது இவர்கள் பல மாதம் தாக்குப்பிடித்ததற்கு அதுதான் காரணம். அவர்களாலும் கடைசிவரை முடியவில்லை, அந்த செப்டம்பர் மாத உற்பத்தியை உலக அளவில் 40 சதவீதம் குறைப்பதாக ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஆக பட்டியல் போட்டுவிட்டால் ஆபத்தே வராது என்று நான் சொல்லவில்லை, சுதாரிக்க அவகாசம் கிடைக்கும் என்கிறேன்.

நம்மூரில் அடிக்கடி பார்ப்பது இது. 'எல்லாத்துக்கும் ரெண்டு சப்ளையர் வெச்சிருக்கேன்' என்பார்கள், விசாரித்தால் இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது அந்த இரண்டுமே ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. ஒருவரை கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ வைத்திருங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை. ஷீட் நூறு வரியைத் தாண்டி கையாள முடியாமல் போகும்போது சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிடுங்கள், அப்போது அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (திருவொற்றியூர், ஃபேப்ரிகேஷன்): எங்களுக்குச் சரக்கு பிரச்சினையே இல்லை. பெரிய கம்பெனிக்கு வேலை செய்து கொடுத்தால் 90 நாள், 120 நாள் பணம் வருவதில்லை. இதற்கு என்ன டெக்னாலஜி இருக்கிறது?

பதில்: வந்ததிலேயே சரியான கேள்வி இதுதான். பொருளாதார நெருக்கடி என்று வந்துவிட்டால் சரக்கு நிற்பதற்கு முன்னால் பணம் நின்றுவிடும். 2022-ல் இலங்கையைப் பாருங்கள், பெட்ரோல் ஏற்றிய கப்பல் கொழும்புக்கு வெளியே வாரக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்றது. கப்பல் இருந்தது, பெட்ரோல் இருந்தது, கொடுக்க டாலர் இல்லை. எந்த டிராக்கிங் ஆப்பாலும் அந்தக் கப்பலை உள்ளே கொண்டுவந்திருக்க முடியாது.

உங்களுக்கு நான் சொல்வது ட்ரெட்ஸ் (TReDS), சிறு நிறுவனங்கள் பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் ஆன்லைன் சந்தை. ரிசர்வ் வங்கி அனுமதியோடு 2017-லிருந்து நடக்கிறது, ஆர்எக்ஸ்ஐஎல், இன்வாய்ஸ்மார்ட், எம்ஒன் எக்ஸ்சேஞ்ச் என்று தளங்கள் உண்டு. நீங்கள் பில்லை ஏற்றுகிறீர்கள், வாங்கிய கம்பெனி 'ஆமாம், இது நான் தர வேண்டியதுதான்' என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறது, வங்கிகள் அந்த பில்லுக்குப் போட்டி போட்டு வட்டி சொல்கின்றன, உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டால் ஓரிரு நாளில் வட்டி போக மீதி உங்கள் கணக்குக்கு வந்துவிடும். கெடு நாளில் வங்கி அந்தக் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். கம்பெனி கட்டாமல் போனால் வங்கி உங்களிடம் திரும்பி வர முடியாது, பில்லை வங்கியிடம் கொடுத்து முன்கூட்டியே பணம் வாங்கும் சாதாரண பில் டிஸ்கவுண்டிங்கைவிட இது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். அடமானமும் கேட்க மாட்டார்கள். வட்டியும் பெரும்பாலும் சரக்கு வாங்கும் கம்பெனியின் பெயரைப் பார்த்துதான் வரும். உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) மட்டும் கட்டாயம் வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் ட்ரெட்ஸில் சேர வேண்டும் என்று அரசு 2024 நவம்பரில் ஆணை போட்டது. சேர்வது கட்டாயம், ஆனால் உங்கள் பில்லை அங்கே ஒப்புக்கொள்வது அவர்கள் மனசு. ஆகவே பணம் வராதபோது போய்க் கேட்காதீர்கள், அடுத்த ஆர்டர் பேசும்போதே 'பில் ட்ரெட்ஸ் வழியாகத்தான்' என்று பேசிவிடுங்கள். இன்னொரு பிடியும் இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தரும் ஆண்டு வரை அதைச் செலவாகக் கணக்குக் காட்ட முடியாது என்று வருமான வரியில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் வந்தது. பெரிய கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் ஆட்களுக்கு இது நன்றாகவே தெரியும், நீங்களும் தெரிந்துதான் பேசுகிறீர்கள் என்று காட்டினால் போதும். பணம் தாமதமானால் அரசின் தளத்தில் புகார் போடலாம்தான், ஆனால் அதற்கப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து ஆர்டர் வருமா என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை, துணி இறக்குமதி): கன்டெய்னர் எங்கே இருக்கிறது என்று ஏஜென்ட் சரியாகச் சொல்வதில்லை. நாமே பார்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. கடலில் இருக்கும்வரை கப்பல் கம்பெனியின் தளத்தில் பாருங்கள். துறைமுகத்தில் இறங்கியபிறகு, கன்டெய்னர் நடமாட்டத்தைக் காட்டும் லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் தளத்தில் கன்டெய்னர் எண்ணைப் போட்டால் போதும், நாலு எழுத்து, ஏழு இலக்கம். பெட்டியில் மாட்டியிருக்கும் ஆர்எஃப்ஐடி டேக்கை (ரேடியோ அலையால் படிக்கும் அடையாளச் சீட்டு) வழியில் இருக்கும் ரீடர்கள் படிப்பதை வைத்து எங்கே இருக்கிறது என்று காட்டும். ஆனால் பார்ப்பதால் மட்டும் பெட்டி வேகமாக வந்துவிடாது. 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் ஆரம்பித்து கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனபோது, ஐரோப்பாவிலிருந்து வரும் சரக்கு தாமதமாகிறது என்று எல்லோருக்கும் திரையில் தெரிந்தது, அவ்வளவுதான். அந்தத் தகவலை வைத்து கப்பல் வருவதற்கு முன்பே பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) போட்டு, சுங்க டியூட்டிக்குப் பணம் ஒதுக்கி, டிரெய்லருக்குச் சொல்லி வைத்தீர்களானால், பெட்டியை எடுக்கத் தாமதமானால் விழும் டெமரேஜ் கட்டணம் மிச்சம். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி போட வேண்டும் என்பது 2021-லிருந்து சட்டமும்கூட.

கேள்வி (எண்ணூர், டிரெய்லர் உரிமையாளர்): எல்லா வண்டிக்கும் ஜிபிஎஸ் போட்டாயிற்று. வண்டி என்னவோ எக்ஸ்பிரஸ் ரோட்டில் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

பதில்: ஜிபிஎஸ் கியூவைக் கரைக்காது அண்ணே. ஆனால் எந்த கேட்டில், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் நின்றது என்ற பதிவு உங்கள் கையில் இருக்கிறது, அதை மாதாமாதம் எடுத்து வெயிட்டிங் சார்ஜ் பேசப் பயன்படுத்துங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் தராதவர் பிரின்ட் அவுட்டைப் பார்த்தால் கொஞ்சமாவது இறங்குவார். அப்புறம் இ-வே பில், சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் பக்கத்து ஊர் சரக்கெல்லாம் கியூவிலேயே காலாவதி ஆகிவிடும். காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்புவரை நீட்டிக்கலாம், டிரைவர் போனில் அதற்கு ஒரு அலாரம் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி, கல்லூரி மாணவி): சப்ளை செயினுக்கு பிளாக்செயின் (பல நிறுவனங்கள் பகிர்ந்து வைக்கும், பிறகு திருத்த முடியாத பதிவேடு) தான் எதிர்காலம் என்று வகுப்பில் சொல்கிறார்கள். படிக்கலாமா?

பதில்: படிங்கம்மா, கூடவே ட்ரேட்லென்ஸ் கதையையும் படியுங்கள். அது கப்பல் சரக்குத் தகவலுக்கான பிளாக்செயின் தளம், கப்பல் கம்பெனி மெர்ஸ்க்கும் கம்ப்யூட்டர் கம்பெனி ஐபிஎம்மும் 2018-ல் தொடங்கி 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்தார்கள். டெக்னாலஜி ஓடியது. போட்டிக் கம்பெனி நடத்தும் தளத்தில் தன் தகவலைக் கொட்ட மற்றவர்கள் முழு மனசோடு வரவில்லை. வேலைக்குப் போகும்போது எக்செலும், டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் நன்றாகத் தெரிந்தவருக்குத்தான் முதலில் சீட்.

கேள்வி (சௌகார்பேட்டை, மொத்த வியாபாரம்): கணக்கு, ஸ்டாக் எல்லாம் கடையில் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கிறது. போதாதா?

பதில்: போதாது. 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மெர்ஸ்க்கை அடித்தபோது 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டரைப் பத்தே நாளில் மறுபடி கட்டினார்கள். முக்கியமான ஒரு சர்வரின் நல்ல பிரதி உலகத்திலேயே ஒரே இடத்தில்தான் மிஞ்சியது, கானா அலுவலகத்தில், அதுவும் அந்த நேரம் அங்கே கரன்ட் போய் சர்வர் அணைந்திருந்ததால் வைரஸ் எட்டவில்லை என்பதால். உலகின் முன்னணி கப்பல் கம்பெனியையே ஒரு பவர் கட்தான் காப்பாற்றியது என்றால் கீழ்தளத்தில் தரையோடு வைத்திருக்கும் உங்கள் சிபியூ எந்த மூலைக்கு? தினமும் ஒரு பிரதி கிளவுடில், வாரம் ஒரு பிரதி ஹார்ட் டிஸ்க்கில், அந்த டிஸ்க் வீட்டில். டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே வைக்காதீர்கள், வைரஸ் வந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

கேள்வி (காசிமேடு, மீன் அனுப்புபவர்): பெட்டிக்குள் டெம்பரேச்சர் லாகர் (வெப்பநிலையை நேரத்தோடு பதியும் கருவி) போடச் சொல்கிறார்கள். பிரயோஜனம் உண்டா?

பதில்: உறைந்த மீனை மைனஸ் 18 டிகிரியில் அனுப்பினால் கட்டாயம் போடுங்கள். சரக்கு கெட்டுப்போனால் ஏற்றும் இடத்திலா, வழியிலா, இறக்கிய இடத்திலா என்று சண்டை வரும்போது எந்த மணிக்குச் சூடு ஏறியது என்று அதுதான் சொல்லும். ஐஸ் போட்டு உள்ளூர் மார்க்கெட்டுக்கு அனுப்புபவர் என்றால் வேண்டாம், அந்தப் பணத்துக்கு ஐஸைக் கூடுதலாகப் போடுங்கள்.