ஏற்காட்டுக் குளிரில் கார் கிளம்பவில்லையா?

கேள்வி: என் பெட்ரோல் காருக்கு நான்கு வயது. பேட்டரி வண்டியோடு வந்ததுதான். சேலத்திலிருந்து ஏற்காட்டு மலையில் உள்ள நாகலூருக்கு மாற்றலாகி வந்த பிறகு, மார்கழிக் காலைகளில் சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும்தான் வருகிறது. வெயில் ஏறியதும் கிளம்பிவிடுகிறது. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்கிறார். எதற்குச் செலவு செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டுக்கும் வேண்டாம். முதலில் பானட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள். சமையல் சோடா கலந்த வெந்நீரில் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் இறுக்கி மாட்டுங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

அப்புறமும் கிளம்பவில்லையா? விடிகாலையில் கேபின் லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். (ஹெட்லைட் வேண்டாம், சில கார்களில் அது தானாகவே அணையும்.) வெளிச்சம் சட்டென்று மங்கினால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மங்காமல் நின்றால் செல்ஃப் மோட்டார் அல்லது அதற்குக் கரண்ட் விடும் ரிலே. ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள்.

வெயில் ஏறியதும் கிளம்புகிறது என்பதால் எனக்குப் பேட்டரி மேல்தான் சந்தேகம். குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாகும், இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். ஆனால் பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில்தான். சேலத்துச் சித்திரையில் நொந்துபோன பேட்டரியை ஏற்காட்டு மார்கழி காட்டிக்கொடுக்கிறது. பக்கத்துக் கடைக்குப் போய்வரும் சின்ன ஓட்டத்தில் சார்ஜும் ஏறாது.

எந்த பேட்டரி கடையிலும் மல்டிமீட்டர் இருக்கும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது சுமார் 14 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் கோளாறு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ பக்கம். அப்போது புது பேட்டரி வாங்கினாலும் சில நாளில் அதுவும் இறங்கிவிடும். அதனால் பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட்டை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். அதில் தோற்றால் மட்டும் பணத்தை எடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாத வண்டியில் இரண்டொரு மிதிக்குப் பின் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகும். மலைப்பாதையில் அது உயிருக்கே ஆபத்து. இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துக் கிளப்ப உதவும் ஜம்ப் கேபிள் ஒன்று வாங்கி டிக்கியில் போட்டுவையுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கினால் வாரண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மொத்த மாதக் கணக்கை நம்பி ஏமாறாதீர்கள். அதில் இலவசமாக மாற்றித் தரும் மாதங்கள் எத்தனை, விலையில் கழிவு மட்டும் தரும் மாதங்கள் எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். பேட்டரி தயாரான மாதத்தையும் பாருங்கள், கடையில் நெடுநாள் கிடந்தது வேண்டாம். வரிசை எண்ணும் விற்ற தேதியும் பில்லிலும் வாரண்டி கார்டிலும் ஒன்றாக இருக்கட்டும். பழைய பேட்டரிக்கும் விலை உண்டு, கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாரண்டி இருந்தும் மாற்றித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.